ஏழாவது கட்டம்

ஆகஸ்ட் 4, திங்கள்

டாக்டர் பெனாசிர் அம்மா அவர்களுக்கு வணக்கம். இந்த நோட்டை எழுதுவது வசுமதி அல்ல, அவளுடைய தாய்மாமன் வெள்ளியங்கிரி. நேற்று கோயம்புத்தூரில் அறுபது ஓட்டக்காரப் பிள்ளைகளை உட்கார வைத்து ஆளுக்கொரு நோட்டு கொடுத்தீர்களே, அப்போது மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று நாலு கேள்வி கேட்டவன் நான்தான். நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு எலும்பும் தசையும் எப்படிக் கெடுகிறது என்று ஆராய்ச்சி, எட்டு மாதம் தினமும் எழுத வேண்டும் என்றீர்கள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே வசு நோட்டைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டாள்.

"மாமா, ஓடச் சொன்னா ஓடிருவேன். எழுதறதெல்லாம் ஆகாது. நீங்களே எழுதிருங்."

"எழுதலாங் கண்ணு. அப்பறம் அந்தம்மா இதையே புக்காப் போட்டுட்டா என்னையக் கேக்கக் கூடாது."

நான் எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவதில் எனக்குச் சொல்லித்தர வாத்தியார் கிடைக்காததால் நிறுத்திக்கொண்டேன். தொழில், எரிந்துபோன தண்ணி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது. உடுமலையிலிருந்து தாராபுரம் வரைக்கும் என் கை படாத மோட்டார் கிடையாது. வீட்டில் அக்கா மயிலாத்தாள், அவள் மகள் வசு, நான், பிறகு ஜிம்மி என்கிற நாய். மச்சான் காலமாகி எட்டு வருடம் ஆகிறது. வசுவுக்குப் பத்தொன்பது வயது, காலேஜ் இரண்டாம் வருடம். நவம்பர் 16 அன்று சென்னையில் பத்தாயிரம் மீட்டர் தேர்வு ஓட்டம். முதல் மூன்று பேரைத் தமிழ்நாட்டு அணிக்கு எடுப்பார்களாம். மற்ற இரண்டு பேர் யாரென்று பார்க்கத்தான் நாங்கள் போகிறோம்.

நோட்டில் ஒரு நாளைக்கு ஏழு கட்டம். ஓடிய தூரம், தூக்கம், சாப்பாடு, எடை, வலி எங்கே, வலி பத்துக்கு எத்தனை, ஏழாவதாக மாதவிடாய் தேதி. வலி ஐந்தோ அதற்கு மேலோ மூன்று நாள் தொடர்ந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உங்களுக்குப் போன் செய்ய வேண்டும். ஞாயிறுதோறும் கட்டங்களை மட்டும் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும், நோட்டை எட்டு மாதம் முடிந்ததும் தர வேண்டும். எல்லாம் எனக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

ஓடியது 14. எடை 47. வலி பூஜ்யம்.

ஏழாவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 9, சனி

ஓடியது 16. தூக்கம் ஏழு மணி நேரம். வலி பூஜ்யம்.

ஏழாவது கட்டத்தைப் பற்றி ஐந்து நாளாக யோசித்தேன். வசுவிடம் கேட்கலாம். அக்காவிடமும் கேட்கலாம். எதற்கு அவர்களைத் தொந்தரவு செய்வது? இருபத்தெட்டு நாள் கணக்கு என்பது உலகத்துக்கே தெரிந்தது. இன்று நாள் நன்றாக இருந்தது, டிக் போட்டுவிட்டேன். நாள்காட்டியில் செப்டம்பர் 6, அக்டோபர் 4 இரண்டையும் பென்சிலால் வட்டமிட்டு வைத்தேன். மோட்டாருக்கு கிரீஸ் வைக்கிற தேதியையும் இப்படித்தான் குறிப்பேன். ஒரு நாள் பிசகியதில்லை.

கூச்சப்படுகிற ஆள் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். வசு பெரியவளானபோது மாமன் சீர் கொண்டுபோனவன் நான். நூற்றியொரு தட்டு. ஜமாப் மேளம். மூன்று ஊருக்குக் கேட்கிற மாதிரி மைக். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வசு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"மாமா, நூத்தியொண்ணா? இருவத்தியோரு தட்டுங். அதுலயும் நாலு தட்டுல வெறும் வாழப்பழம்."

"ஏன் எட்டிப் பாக்கற? இது டாக்டரம்மாவுக்கு எழுதறது."

அவள் சிரித்தபடியே பக்கத்தை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு ஷூவைக் கழற்றப் போனாள். இருபத்தியொரு தட்டு என்றால் இருபத்தியொன்றாகவே இருக்கட்டும், அதற்கு ஏன் முகம் மாற வேண்டும்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஓடியது 18. வாய்க்கால் மேட்டுப் பாதையில் நான் டிவிஎஸ்ஸில் பின்னாலேயே போனேன். கல்யாணத்துக்கு முந்தைய வயதில் நான் உடுமலை பஸ்ஸைத் துரத்திப் பிடித்தவன். பஸ் நின்றுகொண்டிருந்தது என்று அக்கா சொல்வாள், நம்ப வேண்டாம். கல்யாணமும் நடக்கவில்லை, அது வேறு கதை.

எடை 46. காலேஜில் ஓட்டம் சொல்லித்தருகிற மாஸ்டர், உடம்பு இலேசாக இலேசாக நேரம் குறையும் என்று சொல்லியிருக்கிறாராம். போன வாரத்தைவிடப் பன்னிரண்டு நொடி குறைவு. மாஸ்டருக்கு ஒரே சந்தோஷம்.

செப்டம்பர் 6, சனி

ஓடியது 20. எடை 45. ஏழாவது: டிக்.

வலி, வலது கால், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்பக்கம்.

"எத்தனைன்னு போடட்டுங் கண்ணு?"

"நாலுன்னு போடுங்."

"நேத்தும் நாலு, முந்தாநாளும் நாலா?"

"வலிக்கறது ஒரே மாதிரி வலிக்குதுங் மாமா. அதுக்கு நான் என்ன பண்றது?"

நாலு என்று எழுதினால் எங்கள் குடும்பத்து எலும்பைப் பற்றி நீங்கள் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு என்று எழுதியிருக்கிறேன்.

சாமான் வாங்க உடுமலை போனேன். அக்கா எழுதித் தருகிற சீட்டு வர வரச் சின்னதாகிறது. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை மருந்துக் கடையில் காகிதம் சுற்றி ஒரு பொட்டலம் வாங்க வேண்டும். கடைக்காரர் அதைக் கறுப்புக் கவரில் போட்டுத் தருவார், நானும் மேலே பார்த்துக்கொண்டே வாங்குவேன். இப்போது அந்த வரியே இல்லை. பெண்பிள்ளைகளுக்குச் சிக்கனம் வந்துவிட்டது.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஓய்வு நாள். ஜிம்மிக்கு உடம்பு நன்றாகத் தேறிவிட்டது. கழுத்தில் பட்டை இறுகுகிறது, இரண்டு ஓட்டை தள்ளிப் போட்டேன். என் பராமரிப்பு அப்படி. ராத்திரிச் சாப்பாட்டு நேரம் ஆனால் வசு உட்காரும் இடத்துக்குப் பின்னால்தான் போய்ப் படுக்கும். என்ன பாசம் பாருங்கள்.

அக்கா அரிசிம்பருப்பு சாதம் செய்திருந்தாள். வசு இரண்டு வட்டில் சாப்பிட்டாள். சாப்பாட்டுக் கட்டத்தில் "மிக நன்று" என்று போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

நீங்கள் போன் செய்தீர்கள். "உங்க கட்டங்களைத்தான் சார் எங்க டீம்ல எல்லாரும் முதல்ல பாக்கறாங்க" என்றீர்கள். இதைக் கடைவீதியில் ஒன்பது பேரிடம் சொன்னேன். வசு எப்படி இருக்கிறாள் என்று கேட்டபோது, புலி மாதிரி இருக்கிறாள் என்றேன். "எடை மூணு கிலோ குறைஞ்சிருக்கே சார்?" என்றீர்கள். புலி என்றால் சிறுத்தைப் புலி என்றேன்.

அக்டோபர் 4, சனி

ஓடியது 21. எடை 43. ஏழாவது: டிக். வலி நாலு என்றாள், மூன்று போட்டேன்.

அக்டோபர் 9, வியாழன்

ஓடுகிற மோட்டாரைப் பார்க்காமலே, சத்தத்தை வைத்து பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். இன்று வசுவுக்குப் பின்னால் போகும்போது கால் சத்தம் கேட்டது. இடது ஓங்கி விழுகிறது. வலது தொட்டுவிட்டு எழுந்துவிடுகிறது. பாதை மேடுபள்ளம். பொதுப்பணித் துறைக்கு எழுதிப் போட வேண்டும்.

வீட்டுப் படியில் இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குகிறாள். அதற்குப் பொதுப்பணித் துறை பொறுப்பில்லை.

வலி நாலு.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை பத்து மணிக்கு நீங்கள் பேசினீர்கள். அதை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"வெள்ளியங்கிரி சார், ஒரு சந்தேகம். அறுபது பேர்ல முப்பத்திரண்டு பொண்ணுங்க. யாருக்குமே தேதி ஒழுங்கா வரலை. வசுவுக்கு மட்டும் சரியா இருபத்தெட்டு, இருபத்தெட்டுன்னு கடிகாரம் மாதிரி வருது."

"எங்க வம்சமே அப்புடித்தானுங். கட்டுப்பாடு."

நீங்கள் சிரிக்கவில்லை. "நாங்க ஏன் அதைக் கேக்கறோம்னா, நிறைய ஓடி, கம்மியாச் சாப்பிட்டா, உடம்பு செலவைக் குறைக்கப் பார்க்கும். முதல்ல நிறுத்தறது மாதவிடாயைத்தான். அது நின்னா எலும்பு வலு குறையும். அப்படி இருக்கறப்ப முன்னெலும்புல ஒரே இடத்துல வலின்னா, எலும்பு உள்ளுக்குள்ள கீறல் விடுதுன்னு அர்த்தமா இருக்கலாம். அது தெரியாம ஓடினா ஒருநாள் ஓடிட்டிருக்கும்போதே முறிஞ்சிடும். அதனாலதான் அந்தக் கடைசிக் கட்டம் எங்களுக்கு ரொம்ப முக்கியம். வசுவுக்குத் தேதி சரியா வருதுன்னா எனக்குப் பாதிக் கவலை போச்சு. சரியாத்தானே எழுதறீங்க?"

"சத்தியமாங்" என்றேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

இன்றைக்குக் கடைக்குப் பூட்டு.

சாமான் சீட்டுகளைக் கம்பியில் குத்தி வைப்பது என் வழக்கம். எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். மருந்துக் கடைப் பொட்டலம் கடைசியாக மே மாதச் சீட்டில் இருக்கிறது. ஜூனில் இல்லை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் எதிலும் இல்லை. அக்காவை அடுப்படியில் போய்க் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத வரவில்லை, கேட்டேன்.

அக்கா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "காலேஜுகிட்ட நானே வாங்கிக்கறேம்மான்னு சொன்னாளேடா. நானும் சரி, வளந்த புள்ளைன்னு உட்டுட்டேன்."

"சாப்பாடு?"

"சாப்பாட்டுக்கு என்ன, ரண்டு வட்டல் போடறனே." சொல்லிக்கொண்டே அக்கா வாசலில் படுத்திருந்த ஜிம்மியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். பெருத்துப் போய் மூச்சு வாங்கப் படுத்திருந்தது.

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ரண்டு பேரும் கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கியிருக்கறமேடா."

சாயங்காலம் வசு வாய்க்கால் மேட்டில் ஓடிக்கொண்டிருந்தாள். நான் முன்னால் போய் டிவிஎஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினேன். நின்றாள். நின்றதும் வலது காலைத் தரையிலிருந்து இலேசாகத் தூக்கிக்கொண்டாள்.

"மாமா, வழியுடுங். இன்னும் எட்டு கிலோமீட்டர் இருக்குதுங்."

"கண்ணு, அந்த ஏழாவது கட்டம்..."

"அதான் நீங்களே டிக் போட்டுட்டீங்களே."

"நான் போட்டது பொய்யி."

"தெரியுமுங். அன்னைக்கே பாத்தேன்."

"பாத்துட்டு ஏஞ் சாமி சொல்லுல?"

"நீங்க ஏன் மாமா கேக்குல?"

டாக்டரம்மா, என் ஐம்பத்திரண்டு வருடத்தில் பேச்சுக்குப் பதில் இல்லாமல் நான் நின்றது இதுதான் முதல் தடவை. இதை மட்டும் அளந்துவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

"எத்தன மாசமாச்சு?"

வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அஞ்சு."

"வலி? நெசத்தச் சொல்லு."

"காலைல ஏழு. ஓடி முடிச்சா எட்டுங்." உடனே என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அஞ்சே வாரந்தானுங். பதினாறாந்தேதி ஓடி முடிச்சிட்டா நானே வந்து படுத்துக்கறேன். அது வரைக்கும் நாலுன்னே எழுதுங். இத்தன நாள் எழுதுனீங்க, இன்னும் அஞ்சு வாரம் எழுத மாட்டீங்களா? உங்களுக்கு இதென்ன புதுசா?"

கடைசி வார்த்தை சரியான இடத்தில் விழுந்தது. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் என் முதுகில் குத்திக்கொண்டே வந்தாள். சின்னக் குத்துத்தான். உடம்பில் வலு இருந்தால்தானே.

ஓடியது 9. எடை 43. சாப்பாடு: நாய்க்குப் போனது போக, கால் வட்டில். வலி 8. ஏழாவது: மே மாதத்துக்குப் பிறகு இல்லை. ஆகஸ்ட் 9, செப்டம்பர் 6, அக்டோபர் 4 மூன்றும் நான் நாள்காட்டியைப் பார்த்துப் போட்டது. வலிக்கு முன்பு எழுதிய எண்களும் அவள் சொன்னதைவிட நான் குறைத்தவை. அவளும் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். மூன்று நாள் காத்திருக்கவில்லை. உங்களுக்குப் போன் செய்துவிட்டேன்.

அக்டோபர் 15, புதன்

ஸ்கேன். வலது முன்னெலும்பில் கீறல். படத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. இன்னும் இரண்டு மூன்று வாரம் இப்படியே ஓடியிருந்தால் எலும்பு இரண்டாகியிருக்கும் என்றீர்கள். ஆறு வாரம் ஊன்றுகோல், ஓட்டம் கிடையாது. சத்தான சாப்பாட்டுக்குத் தனி டாக்டரிடமும் அனுப்பினீர்கள். நவம்பர் 16 போய்விட்டது.

வசு அழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் உங்களிடம் திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தேன். நீங்கள் திட்டவே இல்லை. "நோட்டு அடிச்ச எங்க மேலயும் தப்பு இருக்கு சார். அந்தக் கேள்வியை வீட்டுல யார் யாரைக் கேக்க முடியும்னு நாங்க யோசிக்கவே இல்லை" என்றீர்கள். திட்டியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

வசு என்னோடு பேசி ஏழு நாள் ஆகிறது. ஒரே வீட்டில் அக்கா வழியாகத் தகவல் போகிறது.

"அம்மா, அவரை அந்த ஊன்றுகோல எடுத்துத் தரச் சொல்லுங்."

"டேய் வெள்ளிங்கிரி, எடுத்துத் தருவியாம்."

மாமா என்பது அவர் ஆகிவிட்டது.

வலி 5. சாப்பாடு: இட்லி இரண்டு, அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஜிம்மியைக் கடையில் கட்டி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 29, புதன்

வலி 3. மூன்று என்று அவள் சொன்னாள், மூன்று என்றே எழுதினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இன்றுதான் சென்னையில் அந்தத் தேர்வு ஓட்டம். காலை ஏழரைக்குத் தொடக்கம். வசு ஆறு மணிக்கே எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா அவள் பக்கமே போகவில்லை, அடுப்படியில் சந்தகை பிழிந்துகொண்டிருந்தாள். எனக்கும் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கடைசியில் தரையில் அவள் காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஏழரை ஆனது. ஏழே முக்கால். அவள் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சுற்றையும் எண்ணுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. இருபத்தைந்து சுற்று. எட்டு மணி தாண்டியதும் விரல் நின்றது.

"முடிஞ்சிருக்கும்" என்றாள்.

"அடுத்த வருசம் வரும் கண்ணு. வருசம் எங்கயும் போயிராது."

"அடுத்த வருசம் கால் சரியாகுலீன்னா?"

நான் வாயைத் திறந்தேன். நூறு கதை வந்தது. ஊரில் இருக்கிற ஒருவனுக்கு இரண்டு காலும் முறிந்து, அவன் இமயமலை ஏறினான் என்று ஒன்று தயாராக இருந்தது. மூடிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியாதுங் கண்ணு" என்றேன். "ஆனா ஓட முடியுலீன்னாலும் நீ இந்த வீட்டுலதான இருப்ப. எனக்கு அது போதும்."

அழுதாள். பதினைந்து நிமிடம், நன்றாக. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, தேங்காப்பால் ஊத்திச் சந்தகை கொண்டாங். மாமாவுக்கும் சேத்து."

இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். நான் எண்ணினேன். வட்டிலையும் நான்தான் கழுவினேன், காலியாகத்தான் இருந்தது.

எடை 45. வலி 1.

டிசம்பர் 3, புதன்

ஊன்றுகோல் போய்விட்டது. வாய்க்கால் மேட்டில் நடை, இரண்டு கிலோமீட்டர். நானும் நடந்தேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. "பஸ்ஸத் தொரத்துன ஆளு" என்றாள்.

ஜனவரி 11, ஞாயிறு

நீங்கள் சொன்னபடி ஒரு நிமிடம் ஓட்டம், நாலு நிமிடம் நடை. ஐந்து தடவை. கால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன். இரண்டும் ஒரே மாதிரி விழுந்தது. வலி பூஜ்யம். எடை 48. ஏழாவது: இன்னும் இல்லை. அவளே சொன்னாள். நான் கேட்டேன், அவள் சொன்னாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடிக்கும்போது கேட்டுவிடுவேன். முதல் இரண்டு தடவை அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். மூன்றாவது தடவை உட்கார்ந்திருந்தாள்.

மாஸ்டர் வீட்டுக்கு வந்திருந்தார். நீங்கள் அவருக்கும் போன் செய்தீர்களாம். எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சும்மா உட்கார்ந்து இரண்டு முறுக்கு தின்றுவிட்டு, வசுவையும் தின்னச் சொல்லிவிட்டுப் போனார்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஓடியது 4, நிற்காமல். வலி பூஜ்யம். ஏழாவது: இல்லை. "எனக்கு இனி வரவே வராதுங்களா மாமா?" என்று கேட்டாள். உங்களுக்குப் போன் போட்டு அவளையே பேச வைத்தேன். நான் எழுந்து போகவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

கடையில் இருந்தேன். பத்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்றுக்குக் காயில் கட்டி வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தேன், இரண்டு கையும் பிசுபிசுப்பு. மோட்டாருக்காக மூன்று விவசாயிகள் பெஞ்சில் காத்திருந்தார்கள். போன் அடித்தது. முழங்கையால் அழுத்தினேன், ஸ்பீக்கரில் போய்விட்டது.

"மாமா, நாந்தானுங். இன்னைக்கு வந்துருச்சுங்."

பின்னால் காலேஜ் மணி அடிக்கிற சத்தம். அவள் குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"நோட்டுல எழுதிருங். ஏழாவதுல. டாக்டரம்மாவுக்கும் இப்பவே அனுப்பிருங், ஞாயித்துக்கெழம வரைக்கும் வெச்சிருக்காதீங்."

"சரிங் கண்ணு. வவுறு நோவுதா? சாப்ட்டயா?"

"நோவுதுங். நல்லா நோவுது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பெஞ்சில் இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வயிறு வலிக்கிறது என்று இவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி அவர்கள் கேட்டிருக்க மாட்டார்கள்.

"என்னங் வந்துருச்சு?" என்றார் ஒருவர். "கவருமெண்டு வேலையா?"

என் வாயில் கதைகளின் ஊர்வலமே வந்து நின்றது. ஆனால் இது என் செய்தி இல்லை, அவளுடையது.

"ஒண்ணுமில்லீங். எழுத வேண்டியது ஒண்ணு" என்றேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு, வார்னிஷ் காய்வதற்குக்கூடக் காத்திராமல் வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். பக்கத்தில் கறை பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலி, வயிற்றில் மட்டும். எடை 50. ஏழாவது: மார்ச் 3.

அவளுக்கு இப்போது கூச்சமே இல்லை டாக்டரம்மா. எனக்கும் இல்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கூச்சம் இருந்தது, கொஞ்சம்.